கூம்ப்ஸ் சோதனையைத் தந்தவர் ஒரு கால்நடை மருத்துவர்: ஆலய மண்டபத்தில் பேசத் தகுந்த பொருளா?

#1 | பழைய சோதனைக்குழாய், சுங்கை சிப்புட்

அன்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் எங்கள் ஊர் ஆலய மண்டபத்தில் இரத்த தான முகாம் நடைபெறவிருக்கிறது. இரத்தம் கொடுக்க வருவோர் வரிசையில் காத்திருக்கும் வேளையில் இருபது நிமிடம் பேசும்படி நிர்வாகத்தினர் என்னைக் கேட்டுள்ளனர். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளின் இரத்த வங்கிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

இத்தகைய கூட்டங்களில் வழக்கமாகக் கார்ல் லாண்ட்ஸ்டைனரைப் பற்றிப் பேசுவார்கள். 1901-ஆம் ஆண்டில் வியன்னாவில் இரத்த வகைகளை வெளிப்படுத்தி, 1930-இல் நோபல் பரிசு பெற்ற அப்பெரியவரின் புகழில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் நாள்தோறும் என் கைகள் செய்த வேலையில் பாதிக்கு மேல் வேறொருவரின் பெயரால் வழங்கியது. அவர், ஏற்றும் இரத்தம் நோயாளிக்குப் பொருந்துமா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனையைத் தந்த ராபின் கூம்ப்ஸ். அவரைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், நிர்வாகத்தில் ஒருவர், "மாட்டு டாக்டரைப் பற்றி ஆலயத்தில் என்ன பேச்சு?" என்று கேட்டுவிட்டார். அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

கூம்ப்ஸ் 1921-இல் லண்டனில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து, எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தவர். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றை இரத்தச் சோதனையால் கண்டறிவதே அவருடைய தொடக்ககால வேலைகளுள் ஒன்று. பின்னர் ஆராய்ச்சிப் பட்டத்திற்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். போரின் காரணமாக லண்டனிலிருந்து அங்கே இடம்பெயர்ந்திருந்த இரத்த வகை ஆய்வுப் பிரிவில் ராபர்ட் ரேஸ் என்பவர் ஒரு சிக்கலோடு மல்லாடிக்கொண்டிருந்தார். ஆர்எச் நெகட்டிவ் (சிவப்பணுக்களில் டி என்ற ஆர்எச் கூறு இல்லாத) தாய்மார் சிலரின் வயிற்றுப் பிள்ளைகள் இரத்தம் அழிந்து இறக்கின்றன. அந்நியமானதைத் தாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தாயின் இரத்தத்தில் இருக்கத்தான் வேண்டும். ஆயினும் சோதனைக்குழாயில் பிள்ளையின் வகையைச் சேர்ந்த சிவப்பணுக்களோடு கலந்தால் ஒன்றுமே திரள்வதில்லை. இருந்தும் இல்லாதது போல் காட்டும் இந்த எதிர்ப்பொருளை அந்நாளில் "முழுமையற்றது" என்று அழைத்தார்கள்.

போர்க்கால இருட்டடிப்பில், மங்கலான விளக்கெரிந்த இரயில் பெட்டியில், லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் விடை தம் மனக்கண்ணில் தெரிந்ததாகக் கூம்ப்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். எதிர்ப்பொருள் சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அதன் கை குட்டை என்பதால் பக்கத்து அணுவை எட்டிப் பிடிக்க முடிவதில்லை. எதிர்ப்பொருளும் குளோபுலின் என்னும் ஒரு புரதந்தானே. அப்படியானால் மனிதக் குளோபுலினை ஒரு முயலுக்கு ஊசி வழியே செலுத்தினால், அதற்கு எதிரான பொருளை முயல் உண்டாக்கித் தருமே. அந்த முயலின் சீரத்தை, அதாவது அணுக்கள் நீங்கிய இரத்தத் தெளிநீரை, ஒரு சொட்டு விட்டால், இரண்டு அணுக்களின் மேலிருக்கும் எதிர்ப்பொருள்களை அது பாலம் போல் இணைத்துத் திரளச் செய்யுமே! 1945-இல் ரேஸ், ஆர்தர் மூரன்ட் ஆகிய இருவரோடு சேர்ந்து இதை அவர் வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. முனைவர் பட்டம்கூட அப்போது கையில் இல்லை.

விலங்குகளின் சீரத்தோடு பழகிய கை அது என்பதால்தான் முயலின் நினைவு வந்ததோ என்பது என் சொந்த ஊகம். இந்தப் பேச்சு நம் மக்களுக்குப் பொருந்துமா, பொருந்தாதா? தயங்காமல் சொல்லுங்கள்.

#2 | தாதி மாலதி, கோல கங்சார்

அண்ணன், கட்டாயம் பேசுங்கள். பொருந்துமா என்று கேட்கவே வேண்டியதில்லை. நம் மலேசியாவில் மலாய்க்காரர்களிலும் சீனர்களிலும் ஆர்எச் நெகட்டிவ் என்பது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் காணப்படும். நம் இந்தியர்களிலோ ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டினர் அவ்வாறு உள்ளனர். ஆகவே நம் நாட்டில் மற்றவர்களைவிட நம் பெண்களை அதிகமாகத் தொடும் கதை இது. தாய் சேய் நலக் கிளினிக்கில் நான் வேலை செய்த காலத்தில், முதல் வருகையின்போது ரோஸ் நிறப் புத்தகத்தில் இரத்த வகையை எழுதுகையில் "நெகட்டிவ்" என்று வந்தால், நோயாளிப் பெயர்களில் பெரும்பாலும் ஒரு தமிழ்ப் பெயர்தான் எதிரே இருக்கும்.

"எனக்கு என்ன நோய், மிஸ்ஸி?" என்று அவர்கள் பதறிப்போவார்கள். நோய் ஒன்றுமில்லை, தலைப்பிரசவத்திற்கு அநேகமாக ஆபத்துமில்லை, பிள்ளை பாசிட்டிவாக இருந்தால் பிரசவ நேரத்தில் அதன் இரத்தம் சிறிது உன் உடம்பில் கலந்து, உன் உடம்பு அதை அந்நியமென்று நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும், அடுத்த பிள்ளைக்குத்தான் அது வினையாக முடியும் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விளக்க வேண்டும். அதைத் தடுக்கும் டி எதிர்ப்பொருள் ஊசியைக் கருவுற்ற 28-ஆவது வாரத்திலும், பிரசவமாகி 72 மணி நேரத்திற்குள்ளும் போடுகிறார்கள். கருச்சிதைவு ஆனாலும் அது தேவைப்படலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை உங்கள் உரையில் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மஞ்சள் கண்டாலே ஆர்எச் என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டில் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து ஜி-6-பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்குச் சோதிப்பது மஞ்சளுக்கு அதுவும் ஒரு பெருங்காரணம் என்பதால்தான். இன்னொன்று, ஒரு தாதியாக எனக்குப் பெருமை தருவது: மஞ்சள் பிள்ளைகளை விளக்கொளியில் கிடத்தும் சிகிச்சைக்கு வழிகாட்டியவர் மருத்துவர் அல்லர். 1950-களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், குழந்தைகளை வெயிலுக்கு எடுத்துச் சென்று வந்த வார்டு என்ற தலைமைத் தாதி, துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் மஞ்சள் மாறாமல் இருப்பதைக் கண்டு மருத்துவர்களுக்குக் காட்டினார். அவர் கண்ணில் பட்டது அதற்கு முன் எத்தனை பேர் கண்ணில் பட்டும் படாமல் போயிருக்கும்!

#3 | ஏட்டுச்சுவடி, ஈப்போ

பழைய சோதனைக்குழாய் ஐயாவின் முயற்சியை மதிக்கிறேன். எனினும் ஓர் ஆசிரியனாக ஒரு மறுப்பைப் பதிவு செய்ய வேண்டியவனாக இருக்கிறேன். குளோபுலினுக்கு எதிரான சீரத்தைக் கொண்டு திரளாதவற்றைத் திரளச் செய்யலாம் என்பதை இத்தாலியரான கார்லோ மொரெஸ்கி 1908-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அதாவது கூம்ப்ஸ் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன். அப்படியிருக்க, இரயில் பெட்டியில் மின்னலென உதித்த எண்ணம் என்று மேடையில் சொல்வது எவ்வளவு நேர்மை? தனி மனிதரைத் தூக்கிப்பிடிக்கும் நம் வழக்கத்துக்கு ஆராய்ச்சி வரலாறும் பலியாக வேண்டுமா? நியூட்டனின் ஆப்பிளை நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சலித்தவன் கேட்கிறேன்.

#4 | பழைய சோதனைக்குழாய், சுங்கை சிப்புட்

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு நன்றி. மொரெஸ்கியின் பெயரை இந்த இழையில் இன்னொருவர் எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் சொன்னது முழுவதும் உண்மை. கூம்ப்ஸும் நண்பர்களும் தங்கள் முறையை வெளியிட்ட பிறகுதான் மொரெஸ்கியின் கட்டுரையை அறிந்தார்கள். அறிந்ததும் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். ஆகவே முதன்மை மொரெஸ்கிக்கு உரியது. அதை உரையில் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் முதலில் கண்டவர் யார் என்பது ஒரு கேள்வி. அது மக்களுக்கு எப்போது பயன்பட்டது என்பது வேறு கேள்வி. 1908-இல் மொரெஸ்கியின் கையில் விடை இருந்தது, அதற்குரிய வினா இல்லை. ஆர்எச் என்ற ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. 1939-இல் நியூயார்க்கில் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் ஒரு தாயைப் பற்றி எழுதினார்கள். வயிற்றில் பிள்ளை இறந்து பிறந்தபின் கணவரின் இரத்தத்தை ஏற்றியபோது அவருடைய உடல் அதைக் கடுமையாக மறுத்தது. மறு ஆண்டு லாண்ட்ஸ்டைனரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் அணுக்களை வைத்து ஆர்எச்-ஐ அறிவித்தார்கள். வினா பிறந்த பிறகு விடை மீண்டும் பிறக்க வேண்டியதாயிற்று. தமிழில் ஓலைச்சுவடி கிடந்த வீட்டுக்காரருக்கும் அதைப் பதிப்பித்தவருக்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தனி மனிதப் புகழ்ச்சியைப் பற்றி நீங்கள் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் இந்த மூவரும் எங்கிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். கூம்ப்ஸ் கால்நடை மருத்துவர். மூரன்ட் ஜெர்சித் தீவில் பிறந்து, முதலில் பாறைகளை ஆராய்ந்து நிலவியலில் முனைவர் பட்டம் பெற்று, அதன்பின் மருத்துவம் படித்தவர். உலக மக்களின் இரத்த வகைப் பரவலைத் தொகுத்து 1954-இல் அவர் வெளியிட்ட நூலைப் பார்த்தால் நிலவியல் வரைபடம் போட்ட கை தெரியும். மூவரில் ரேஸ் ஒருவர்தான் நேராக மருத்துவ வழியில் வந்தவர். பிற்பாடு டி ஊசிக்கு வழி வகுத்த லிவர்பூல் குழுவின் தலைவர் சிரில் கிளார்க்கோ, ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சிகளை இனக்கலப்புச் செய்து மரபியலுக்குள் நுழைந்த மருத்துவர். "மாட்டு டாக்டர்" என்று கேட்ட நிர்வாக அன்பருக்கு இதுவே என் பதில்.

இந்தச் சோதனை பொறுமையைக் கேட்பது. நோயாளியின் சீரம் இரண்டு சொட்டு, கொடையாளியின் சிவப்பணுக் கரைசல் ஒரு சொட்டு. 37 பாகையில் வைத்து எடுத்து, உப்புநீரால் மூன்று நான்கு முறை கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் மையவிலக்குக் கருவியில் சுழற்றி, நீரை ஒரே வீச்சில் கொட்டி, விளிம்பில் தொங்கும் கடைசிச் சொட்டைத் தாளில் ஒற்றியெடுக்க வேண்டும். ஏன் இத்தனை கழுவல்? சீரத்தில் கட்டற்றுத் திரியும் குளோபுலின் சிறிது மிஞ்சினாலும், கழுவியபின் நாம் விடும் மருந்தை, அதாவது குளோபுலினுக்கு எதிரான சீரத்தை, அதுவே விழுங்கிவிடும். அணுக்கள் திரளாமல் கிடக்கும். "பொருந்துகிறது" என்று பொய்யான விடை கிடைக்கும்.

1987-இல், பெயர் வேண்டாம், ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் நான் தனியாக இருந்தேன். பிரசவ அறையிலிருந்து மூன்றாவது முறையாகத் தொலைபேசி அழைப்பு வந்தபோது, இரண்டு கழுவலோடு நிறுத்திக்கொண்டேன். குழாயைச் சாய்த்தேன், அடியில் இருந்த சிவப்புப் பொட்டு புகை போல் கலைந்தது. திரட்சி இல்லை. இரத்தப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். ஆனால் எதிர்ப்பொருள் பூசிய கட்டுப்பாட்டு அணுக்களை ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் எந்த "இல்லை"யையும் எழுதக் கூடாது என்பது எங்கள் விதி. விட்டேன். அவை கட்டாயம் திரள வேண்டியவை, திரளவில்லை. அப்படியானால் மருந்து ஏற்கெனவே வீணாகியிருக்கிறது, என் சோதனையே செல்லாது. கை நடுங்க முதலிலிருந்து தொடங்கி நான்கு முறை கழுவினேன். இம்முறை பொட்டு கலையவில்லை. ஒரே கட்டியாகப் பெயர்ந்து, தெளிந்த நீரில் மிதந்தது. அந்த இரத்தம் அந்த அம்மாவுக்குச் சேராது. வேறு பை தேடிக் கொடுத்து முடிக்கையில் விடிந்துவிட்டது. மறுநாள் என் மேலதிகாரியான மலாய்க்காரப் பெரியவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஒரு மாதத்திற்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கழுவல் சொல்லிக்கொடுக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

#5 | வெண்பா

ஐயா, வணக்கம். நான் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். என் தாத்தா பாட்டி லிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். எங்களுக்கு ஆய்வுக்கூடத்தில் காட்டியது ஜெல் அட்டைதான். பிரான்சின் லாப்பியர் உருவாக்கிய அம்முறையில் கழுவலே கிடையாது. திரண்ட அணுக்கள் ஜெல்லின் மேலே சிக்கிக்கொள்கின்றன, திரளாதவை அடிக்குச் சென்றுவிடுகின்றன, யார் பார்த்தாலும் ஒரே விடைதான். ஆனால் நீங்கள் எழுதிய "புகை போல் கலைந்தது" என்ற வரியைப் படித்த பிறகுதான் அந்த அட்டைக்குள் என்ன நடக்கிறது என்பதே எனக்கு உறைத்தது.

நான் படித்த ஒன்றையும் சேர்க்கிறேன். கூம்ப்ஸ் சோதனை வந்த மறு ஆண்டே, 1946-இல், அதைக் கொண்டு கெல் என்ற புதிய இரத்த வகை கண்டறியப்பட்டது; 1950-இல் டஃபி, 1951-இல் கிட். இவையெல்லாம் ஆய்வாளர்களின் பெயர்கள் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பார்த்தால், எதிர்ப்பொருள் காணப்பட்ட தாய்மார், நோயாளிகளின் குடும்பப் பெயர்களாம்! கெல்லஹர் என்ற தாயின் பெயரைச் சுருக்கியதுதான் கெல். கண்டவர் பெயர் சோதனைக்கு, துன்பப்பட்டவர் பெயர் இரத்த வகைக்கு என்று பங்கிட்டுக்கொண்டது போல் இருக்கிறது.

ஒரு கேள்வி: ஐரோப்பாவில் உருவான சோதனை நம் நாட்டு மக்களுக்கு அப்படியே போதுமா?

#6 | பழைய சோதனைக்குழாய், சுங்கை சிப்புட்

நல்ல கேள்வி, அம்மா. சோதனை போதும், அதற்குப் பயன்படுத்தும் அணுக்கள்தான் போதாமல் போகும். நோயாளியின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று தேட, இன்னின்ன கூறுகள் உடையவை என்று முன்பே தெரிந்த சிவப்பணுக்களைப் புட்டிகளில் வாங்குகிறோம். அவை ஐரோப்பியக் கொடையாளிகளிடமிருந்து எடுத்தவையாக இருந்தால் "மூர்" என்ற கூறு அவற்றில் பெரும்பாலும் இராது. அங்கே அது மிக அரிது. தென்கிழக்காசியாவில் சீனர், மலாய்க்காரர் இரத்தத்தில் அது கணிசமாக உண்டு. ஆகவே அதற்கெதிரான எதிர்ப்பொருள் நம் நோயாளியிடம் இருந்தாலும் அந்த அணுக்கள் காட்டிக்கொடுக்கமாட்டா. இந்த வட்டாரத்திற்கென மூர் உள்ள அணுக்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். வலை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, எந்த ஆற்றில் வீசுகிறோம் என்பதும் உண்டு.

#7 | பால்மரத்துக் கணேசன்

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. மாலதி அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு நான்கு பிரசவம். அக்கா 1958-இல் பிறந்தார், நலமாக இருக்கிறார். 1961-இல் ஓர் ஆண் பிள்ளை. பிறந்த மறுநாளே மஞ்சள் பூசியது போலாகி நான்காம் நாள் போய்விட்டது. தோட்டத்து டிரசர் எழுதிக்கொடுத்த சீட்டோடு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். அங்கே என்ன சொன்னார்கள் என்பது அம்மாவுக்கு நினைவில்லை, ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அப்பா கூறுவார். 1963-இல் பெண் பிள்ளை, உடம்பெல்லாம் நீர் கோத்து இறந்தே பிறந்தது. அதன்பின் லயத்தில் பேசாத பேச்சில்லை. அம்மாவின் மடி சரியில்லை என்றார்கள். வளைகாப்புக்கு அழைக்காமல் விட்டார்கள். அப்பாவுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்றுகூட எங்கள் பாட்டியிடம் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி கேட்கவில்லை. பிள்ளை தங்கினால் காவடி எடுப்பதாகத் பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். 1966-இல் நான் பிறந்தேன். மஞ்சள் இல்லை, ஒன்றுமில்லை.

பிற்காலத்தில் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் அவர் ஓ நெகட்டிவ் என்று தெரிந்தது. நானும் ஓ நெகட்டிவ். நாற்பது முறைக்கு மேல் இரத்தம் கொடுத்திருக்கிறேன். என் கேள்வி இதுதான்: அடுத்தடுத்த பிள்ளைக்கு ஆபத்து கூடும் என்றால், நான்காவதாகப் பிறந்த நான் எப்படிப் பிழைத்தேன்?

#8 | பழைய சோதனைக்குழாய், சுங்கை சிப்புட்

தம்பி கணேசன், பதிவேடு இல்லாமல் உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கொடையாளர் புத்தகத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் நெகட்டிவ். அம்மாவின் எதிர்ப்பொருள் தேடியது டி என்ற கூற்றை. அது உங்கள் அணுக்களில் இல்லவே இல்லை. வயிற்றில் நீங்கள் இருந்த மாதங்களில் அந்த எதிர்ப்பொருள் உங்கள் உடம்புக்குள்ளும் வந்துதான் இருக்கும். பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் சும்மா சுற்றிவிட்டுப் போயிருக்கும். அப்பா பாசிட்டிவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய இரண்டு மரபணுக்களில் ஒன்றில்தான் டி இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட தகப்பனின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் டி வந்தது, உங்களுக்கு வரவில்லை. அக்காவின் வகை பாசிட்டிவாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அவர் பிறந்தபோதுதான் அம்மாவின் உடம்பு டி-யை முதன்முதலாகக் கண்டிருக்கும். முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

பாட்டியின் நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல நான் யார்? தகப்பனிடமிருந்து எந்த மரபணு வரும் என்பதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் எவரும் முன்கூட்டிச் சொன்னதில்லை.

#9 | சாலாக் வாசகன்

இரத்த வகை ஆராய்ச்சி என்றால் வெள்ளைக்காரர்கள்தானா? 1952-இல் அன்றைய பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் கண்ட "பம்பாய் வகை"யை யாரும் சொல்லவில்லையே. ஓ வகை போலத் தோன்றும், ஆனால் ஓ வகை இரத்தத்தையும் ஏற்காது. பம்பாய் வகைக்காரரிடமிருந்து மட்டுமே ஏற்கும்.

#10 | பழைய சோதனைக்குழாய், சுங்கை சிப்புட்

உண்மைதான், ஏ, பி ஆகியவற்றுக்கு அடித்தளமான எச் என்ற கூறே இல்லாதவர்கள் அவர்கள். பெண்டேக்குத் தனி உரையே வேண்டும், அடுத்த முகாமில் ஆகட்டும். இருபது நிமிடத்தில் இரண்டையும் அடைத்தால் இரண்டும் கெடும்.

#11 | ஏட்டுச்சுவடி, ஈப்போ

என் மறுப்பைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஐயாவின் பதில் நியாயமானது. மேடைக்கு ஒரு சொல் யோசனை மட்டும். சிலர் "எதிர்ப்பான்" என்பார்கள், இலங்கையில் "பிறபொருளெதிரி", நாம் "எதிர்ப்பொருள்" என்கிறோம். மண்டபத்தில் முதியவர்கள் இருப்பார்கள். "ஆன்டிபாடி" என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பிறகு எதிர்ப்பொருள் என்றே தொடருங்கள். கோவிட் காலத்தில் எல்லாரும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள்.

மற்றொன்று: சோதனைக்குப் பிந்திய கூம்ப்ஸின் வாழ்க்கையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். 1956-இல் பிரிட்டிஷ் நோயெதிர்ப்பியல் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். பிலிப் கெல் (இரத்த வகையின் கெல் அல்ல) என்பவரோடு சேர்ந்து ஒவ்வாமை விளைவுகளை நான்காக வகுத்தார். கேம்பிரிட்ஜிலேயே பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று 2006-இல் மறைந்தார். வெண்பா போன்ற பிள்ளைகள் தேர்வில் எழுதுவது அந்த நான்கு வகைகளைத்தான். இருபத்து நான்கு வயதில் செய்த ஒன்றோடு ஒருவரை நிறுத்திவிடுவது முறையன்று.

#12 | பால்மரத்துக் கணேசன்

ஐயா, அக்காவிடம் கேட்டேன். ஓ பாசிட்டிவ்.

நேற்றிரவு நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு மெல்ல வாசித்துக் காட்டினேன். எண்பத்தேழு வயதாகிறது, காது மந்தம். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். வெகு நேரம் பேசவில்லை. மடி சரியில்லை என்று சொன்ன ஒரு கிழவியின் பெயரைச் சொல்லி, "அவள் செத்துப்போய்விட்டாள், இதைக் கேட்க அவள் இல்லையே" என்றார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மாட்டு டாக்டர் 1945-லேயே கண்டுபிடித்துவிட்டார் என்கிறாயே, 1961-இல் என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனபோது ஏன் அது இங்கே இல்லை?" எனக்குப் பதில் தெரியவில்லை.

#13 | பழைய சோதனைக்குழாய், சுங்கை சிப்புட்

அம்மாவின் கேள்வியை முந்தாநாள் படித்தேன். இன்றுதான் எழுத முடிகிறது. அவருக்குச் சொல்லக்கூடிய உண்மை இவ்வளவே.

தடுக்கும் ஊசி அப்போது உலகத்தில் எங்குமே இல்லை. லிவர்பூலிலும் நியூயார்க்கிலும் அதற்கான ஆய்வுகள் 1960-களில் நடந்து, 1968-இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆகவே அக்கா பிறந்தபோது யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. 1963-இல் இறந்து பிறந்த பிள்ளைக்கும் அப்படியே. வயிற்றிலிருக்கும் சிசுவுக்கே இரத்தம் ஏற்றுவதை நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது அதே 1963-இல்தான்.

1961-இல் பிறந்த பையனைப் பற்றி மட்டும் என்னால் அவ்வாறு சொல்ல முடியவில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் கூம்ப்ஸ் சோதனையைச் செய்து, பிள்ளையின் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு நெகட்டிவ் இரத்தத்தால் மாற்றும் முறை 1940-களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த மருத்துவமனையில் சோதனை மருந்து இருந்ததா, நெகட்டிவ் இரத்தம் இருந்ததா, மஞ்சளைக் கண்டவர்களுக்குச் சந்தேகமாவது எழுந்ததா என்பதையெல்லாம் இனி அறிய வழியில்லை. காப்பாற்றியிருக்கக் கூடிய பிள்ளை அது. இதை மறைத்து அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தில் அனுப்பி நீங்கள் வாசித்துக் காட்டுவதும் முறையாகப் படவில்லை.

உரையை மாற்றி எழுதிவிட்டேன். இரயில் பெட்டி நான்கு வரியாகச் சுருங்கிவிட்டது. அம்மாவும் நீங்களும் அனுமதித்தால், பெயர் சொல்லாமல், நான்கு பிரசவத்தின் கதையிலிருந்து தொடங்குவேன்.

#14 | தாதி மாலதி, கோல கங்சார்

கணேசன், உங்கள் வீட்டு முகவரியை எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். காது மந்தமானவர்களிடம் பேசிப் பழகியவள்தான். அனுமதியையும் அவரிடமே கேட்டு வருகிறேன். அண்ணன், அதுவரை உரையை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

#15 | பால்மரத்துக் கணேசன்

அனுப்பிவிட்டேன், அக்கா. தாதி ஒருவர் வருகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். "மிஸ்ஸி தேநீர் குடிப்பாரா, காப்பி குடிப்பாரா?" என்று கேட்கச் சொன்னார்.